டிரேயில் நெரிசல் வேண்டாம்

அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி பரங்கிக்காயைப் பற்றித்தான். கடை வாசலில் குவித்து வைத்திருக்கும் பட்டர்நட், ஏகார்ன், கபோச்சா என்று பரங்கி வகைகள் எல்லாவற்றையும் அழகுக்காக வாங்கிவிடுகிறீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு யோசிக்கிறீர்கள். கூட்டும் புளிக்குழம்பும் உங்களுக்கே வைக்கத் தெரியும். அதனால் இந்த இதழில் ஓவனில் ரோஸ்ட் செய்து தொட்டுக்கொள்வதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாசசூசெட்ஸில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். டிரே டிரேயாக இந்தக் காயைச் சுட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் கடுமையாகவும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசகி, எடிசன், நியூ ஜெர்சி: பட்டர்நட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, உப்பு, மிளகாய்த்தூள், கரம் மசாலா, பூண்டு விழுது எல்லாம் பிசறி அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். பிறகு கேக் செய்யும் பாத்திரத்தில் கொட்டி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் குழைந்துபோகிறது. என் தோழி வீட்டில் மட்டும் ஓரமெல்லாம் சிவந்து வருகிறது. அவள் ஏதோ சொல்லாமல் மறைக்கிறாள் என்று தோன்றுகிறது.

தோழியைச் சந்தேகப்படாதீர்கள். அவரிடம் பெரிய டிரே இருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டர்நட்டின் எடையில் நூற்றுக்கு 86 பங்கு தண்ணீர். அதில் ஒரு பகுதியையாவது வெளியே அனுப்பாமல் காய் சிவக்காது. துண்டின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவப்பும் வாசனையும் வருவதற்கு 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். நீங்கள் குழியான பாத்திரத்தில் இரண்டு மூன்று அடுக்காகக் கொட்டுகிறீர்கள். ஒரு துண்டிலிருந்து கிளம்பும் ஆவி அடுத்த துண்டில் படிகிறது. அங்கே நடப்பது ரோஸ்ட் இல்லை, ஆவியில் வேகவைத்தல். அதற்கு ஓவன் எதற்கு? இட்லிப் பானை போதும்.

போதாக்குறைக்கு உப்பைப் போட்டு அரை மணி நேரம் ஊறவைக்கிறீர்கள். உப்பு உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து வந்து பாத்திரத்தில் தேக்குகிறது. பூண்டு விழுது இன்னொரு ஈரம். இறைச்சிக்குச் செய்வதைக் காய்க்குச் செய்ய வேண்டாம்.

இப்படிச் செய்து பாருங்கள். விளிம்பு தாழ்ந்த தட்டை டிரே ஒன்று வாங்குங்கள். 18 அங்குலத்துக்கு 13 அங்குலம் என்று கடைகளில் கிடைப்பது போதும். அதை ஓவனுக்குள் வைத்தே 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுங்கள். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 400 ஃபாரன்ஹீட் போதும். ஒரு கிலோ காயைத் தோல் சீவி, ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். துண்டுகள் ஒரே அளவாக இருக்கட்டும், இல்லையென்றால் சின்னது கருகும்போது பெரியது வேகாமல் நிற்கும். துணியால் ஒற்றி எடுத்து, 2 மேசைக்கரண்டி கடலை எண்ணெயும் ஒரு தேக்கரண்டி உப்பும் போட்டுக் கையால் பிசறியவுடன் சூடான டிரேயில் பரப்புங்கள். காய் பட்டவுடன் சொய்யென்று சத்தம் வர வேண்டும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருக்கட்டும். இடம் போதாவிட்டால் இரண்டாவது டிரே எடுங்கள், நெருக்கி வைக்காதீர்கள்.

20 நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு தோசைத் திருப்பியை ஒரு துண்டின் அடியில் கொடுத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தால் இன்னும் சிவக்கவில்லை என்று பொருள், கதவை மூடிவிடுங்கள். சிவந்த துண்டு தானாகக் கழன்று வரும். அடிப்பக்கம் பழுப்பு நிறம் ஏறி, மூலைகள் கொஞ்சம் சுருங்கி, விளிம்பில் காயின் சர்க்கரை கசிந்து கறுப்புக் கோடாக ஒட்டியிருக்கும். அந்த நிலையில் எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிவிட்டு இன்னும் 10, 15 நிமிடம் விடுங்கள். அலுமினியத் தாளால் மூடவே வேண்டாம்.

மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் இந்தச் சூட்டில் அரை மணி நேரம் தாங்காது, கருகிக் கசக்கும். பூண்டும் அப்படியே. வெளியே எடுத்த பிறகு மிளகு, சீரகத்தூள் தூவிப் பிரட்டுங்கள். அல்லது தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து மேலே ஊற்றி, அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கரம் மசாலா வேண்டாம் என்பது என் சொந்த வெறுப்பு. இனிக்கிற காய்க்குப் பட்டை, கிராம்பு சேர்த்தால் பாயச வாசனை வந்துவிடுகிறது, சாதத்தோடு ஒட்டுவதில்லை.

வாசகி, மிசிசாகா, கனடா: கபோச்சாவை வெட்டும்போது கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியே இழுக்கப் போய் விரலைப் பதம் பார்த்துவிட்டது. இப்போது இந்தக் காய்களைக் கண்டாலே பயம். வெட்டுவதற்கு வழி உண்டா?

பயம் நியாயமானதுதான். ஊரில் பூசணியை அரிவாளால் ஒரு போடு போட்டுப் பிளப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வழுக்கும் பலகையில் ஆறு அங்குலக் கத்தியோடு போராடுவது புதிது.

முதலில் பலகையின் கீழே ஈரத்துணியை விரித்து ஆடாமல் செய்யுங்கள். காயின் தோலையும் நன்றாகத் துடையுங்கள். கபோச்சாவை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்தி மைக்ரோவேவில் 2, 3 நிமிடம் வையுங்கள். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைத்து வெடிக்கும், அதை மட்டும் மறக்காதீர்கள். வெளியே எடுத்துக் கொஞ்சம் ஆறியதும் தோல் இளகியிருக்கும். காம்பின் மேலேயே கத்தியை வைக்காதீர்கள், அது கட்டை. காம்புக்குப் பக்கத்தில் நுனியை இறக்கி, கீழ்நோக்கி அழுத்தி ஒரு பக்கம் வெட்டுங்கள். காயைத் திருப்பி மறுபக்கம் அப்படியே. இரண்டு கீறலும் சேர்ந்ததும் கையாலேயே பிளக்கலாம். நடுவில் கத்தி சிக்கினால் இழுக்கவே கூடாது. கத்தி மேல்நோக்கி வரும் பாதையில்தான் உங்கள் இன்னொரு கை இருக்கும். கத்தியின் முதுகில் சப்பாத்திக் கட்டையால் மெதுவாகத் தட்டிக் கீழே இறக்குங்கள்.

பட்டர்நட் இதைவிடச் சாது. இரண்டு முனையையும் நறுக்கித் தள்ளுங்கள். கழுத்து முடிந்து வயிறு ஆரம்பிக்கும் இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு. கழுத்து முழுவதும் சதை, விதையே கிடையாது. நிற்க வைத்துத் தோலைச் சீவிவிடலாம். வயிற்றை மட்டும் இரண்டாகப் பிளந்து, விளிம்பு கூரான எஃகுக் கரண்டியால் விதையையும் நாரையும் சுரண்டி எடுங்கள். நாரை அரைகுறையாக விட்டால் அதுதான் முதலில் கருகும். வாங்கும்போதே கழுத்து நீண்டு பருத்ததாகப் பார்த்து வாங்கினால் பாதி வேலை மிச்சம்.

வெட்டவே மனமில்லையா? இரண்டாகப் பிளந்து, விதை நீக்கி, வெட்டுவாயில் எண்ணெய் தடவிக் கவிழ்த்து வைத்து 400 டிகிரியில் 45 முதல் 60 நிமிடம் விடுங்கள். தோலோடு வெந்துவிடும், சதையை வழித்துக்கொள்ளலாம். மூலைகள் மொறுமொறுக்காது, ஆனால் கத்தி வேலை ஒரே வெட்டோடு முடிந்தது. பெரிய நீல ஹப்பர்ட் என்ற கடினத் தோல் வகையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். இங்கே நியூ இங்கிலாந்தின் பழைய ஆட்கள் அதை ஒரு பைக்குள் போட்டுச் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டு உடைப்பார்கள். பண்ணைக் கடைகளில் துண்டாகவும் விற்பார்கள். நான் துண்டுதான் வாங்குவேன்.

வாசகர், சான் ஜோஸ்: பட்டர்நட் தோல் சீவிய பிறகு உள்ளங்கை இறுகி, மெல்லிய தோல் உரிவதுபோல் இருக்கிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை, பலருக்கும் வரும். சீவியவுடன் சதையில் சின்னச் சின்னச் சொட்டாகப் பால் துளிர்க்கும். அது கையில் பட்டு உலர்ந்தால் படலமாக இறுகும். பலாப்பழம் வெட்டுவதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வீர்கள் அல்லவா, அதையே செய்யுங்கள். கையுறை இன்னும் நல்லது. ஏற்கெனவே பட்டுவிட்டால் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு சோப்புப் போடுங்கள். அரிப்போ கொப்புளமோ வந்தால் அது ஒவ்வாமை, மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை சீவும் வேலையை வீட்டில் வேறு யாருக்காவது கொடுங்கள்.

மாணவர், கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்: அறையில் ஒரே ஒரு சின்னக் கத்தி, மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன். படிப்புக்கு நடுவே அதிக வேலை இல்லாத வகை எது?

டெலிகாட்டா, தம்பி. வேறு எதையும் பார்க்க வேண்டாம். இளமஞ்சள் நிறத்தில் பச்சைக் கோடு ஓடி, கைக்கு அடக்கமாக நீளமாக இருக்கும். தோல் மெல்லியது, அப்படியே சாப்பிடலாம். நீளவாக்கில் பிளந்து, விதையை வழித்துவிட்டு, அரை அங்குலப் பிறைத் துண்டுகளாக நறுக்கு. எண்ணெய், உப்பு, 425 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். நடுவில் ஒரு முறை திருப்பு. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய இட்லி மிளகாய்ப்பொடி இருக்கும், அதைக் கடைசியில் தூவிக்கொள். தயிர்சாதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மெல்லிய தோல் என்பதால் அதிக நாள் தாங்காது. வாங்கினால் சமைத்துவிடு, ஜன்னலோரம் அலங்காரமாக வைக்காதே. கபோச்சாவின் தோலும் வெந்தால் மிருதுவாகிவிடும். பட்டர்நட்டுக்கு மட்டும் தோல் சீவிவிடு.

வாசகி, கோயம்புத்தூர்: நீங்கள் எழுதும் பட்டர்நட் எல்லாம் இங்கே பெரிய கடைகளில் யானை விலை. நம் அரசாணிக்காயில், அதாவது ஊர்ப் பரங்கியில், இதைச் செய்ய முடியாதா? வீட்டில் ஓவனும் இல்லை.

நானும் கோபி பக்கம்தான், அரசாணிக்காய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. தாராளமாகச் செய்யலாம். பட்டர்நட்டும் நம் அரசாணியும் ஒரே இனம். தாவரவியலில் இரண்டுக்கும் குகர்பிட்டா மொஸ்காட்டா என்றுதான் பெயர். இரண்டின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான். நம்முடையது ஐரோப்பியக் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு கடல் கடந்து வந்து நம் மண்ணில் ஊறிப்போனது. பட்டர்நட் அதைவிட வயதில் சிறியது. 1940-களில் மாசசூசெட்ஸின் ஸ்டோ என்ற சிற்றூரில் சார்லஸ் லெகெட் என்பவர் உருவாக்கிய ரகம். பிறகு பக்கத்து ஊரான வால்தமின் ஆய்வுப் பண்ணையில் அதைச் சீர்செய்து, கழுத்து நேராகவும் பருமனாகவும் இருக்கும் ‘வால்தம் பட்டர்நட்’ ரகத்தைக் கொண்டுவந்தார்கள். 1970-இல் அதற்கு, புதிய தோட்ட ரகங்களுக்குக் கொடுக்கும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது கிடைத்தது. அதனால் பக்கத்துத் தெருவில் கிலோக் கணக்கில் கிடைக்கும் உறவுக்காரரை விட்டுவிட்டு, விமானத்தில் வந்தவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களே இருக்கின்றன. கோ 1 காய் 7, 8 கிலோ வரை வரும். கோ 2 சிறியது, ஒன்றரை முதல் 2 கிலோ. சிறு குடும்பத்துக்குத் தோது. சந்தையில் யாரும் ரகம் பார்த்து விற்கப்போவதில்லை, சின்னதாகப் பார்த்து வாங்கினால் சரி. கீற்றாக வாங்குவதில் இன்னொரு வசதி, உள்ளே பார்க்கலாம். சதை அடர்ந்த ஆரஞ்சு நிறமாக, இரண்டு விரல் கனமாவது இருக்கட்டும். விதையைச் சுற்றித் தண்ணீர் கோத்து, சதை வெளிறியிருந்தால் அது கூட்டுக்குத்தான் ஆகும். பச்சைத் தோல் இளங்காயும் வேண்டாம். அதில் மாவும் இல்லை, இனிப்பும் இல்லை.

ஓவனுக்குப் பதில் கனமான இரும்புத் தோசைக்கல். துண்டுகளாக வேண்டாம், அரை அங்குலத்துக்குக் குறைவான வில்லைகளாக நறுக்குங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் நல்லெண்ணெயை விட்டு, வில்லைகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, நடுத்தரத் தீயில் மூடாமல் விடுங்கள். ஒரு பக்கம் 6, 7 நிமிடம். மூடி போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் சிவக்காது. திருப்பிய பிறகுதான் உப்பும் மிளகும். இரண்டு தடவையாகச் சுட வேண்டியிருக்கும், அதற்குச் சோம்பினால் காய் குழைந்துவிடும். ஓ.டி.ஜி. எனப்படும் மேசை ஓவன் வாங்கும் எண்ணம் இருந்தால் சின்ன டிரேயில் கால் கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 220 டிகிரி செல்சியஸ்.

வாசகி, ஷாம்பர்க், இல்லினாய்ஸ்: மாமனார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். சர்க்கரை நோய். பரங்கி இனிக்கிறது, கூடவே கூடாது என்று மறுக்கிறார். அவர் சொல்வது சரியா?

நாக்கில் இனிப்பதை வைத்து மட்டும் கணக்குப் போட முடியாது. 100 கிராம் பச்சைப் பட்டர்நட்டில் 45 கலோரி, 12 கிராமுக்குச் சற்றுக் குறைவான மாவுச்சத்து, 2 கிராம் நார்ச்சத்து. அதே எடை உருளைக்கிழங்கில் 77 கலோரி, 17 கிராம் மாவுச்சத்து. வெந்த வெள்ளைச் சாதத்தில் 28 கிராம். உங்கள் மாமனார் சாதத்தையும் உருளை வறுவலையும் யோசிக்காமல் போட்டுக்கொண்டு பரங்கியை மட்டும் ஒதுக்குகிறார் என்று நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ரோஸ்ட் செய்யும்போது தண்ணீர் போய் எடை குறைகிறது. ஆகவே சுட்ட காயில் 100 கிராம் என்றால் பச்சைக் காயில் அதைவிட அதிகம். அளப்பதானால் வெட்டிய பச்சைத் துண்டுகளை அளந்துவிடுங்கள். சாதத்தோடு கூடுதலாக வைக்காமல், ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பது முறை. கூடவே பருப்போ தயிரோ இருக்கட்டும். எண்ணெயை அறவே விட வேண்டாம். அந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவருடைய கருவியில் ஒரு முறை பார்த்துவிட்டால், என் பேச்சும் வேண்டாம் உங்கள் பேச்சும் வேண்டாம், அவருக்கே தெரிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கதை வேறு. இதில் பொட்டாசியம் அதிகம், 100 கிராமில் 350 மில்லிகிராம். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வாசகர், டாலஸ்: ஹாலோவீனுக்கு முகம் செதுக்கி வாசலில் வைத்த பூசணியை வீணாக்காமல் ரோஸ்ட் செய்யலாமா?

வேண்டாம். வெட்டி வெளியே வைத்து, உள்ளே மெழுகுவத்தியும் ஏற்றிய காயில் இரண்டு நாளில் என்னென்ன குடியேறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உரக்குழியில் போடுங்கள். செதுக்காமல் மிச்சம் இருப்பதைச் சமைக்கலாம், ஆனால் அந்த ரகத்தை உருவாக்கியதே செதுக்குவதற்குத்தான். சதை மெலிந்து, நாராக, சப்பென்று இருக்கும். சூப்புக்கு ஆகலாம். டின்னில் வரும் பூசணியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் பெரும்பகுதி இல்லினாய்ஸில் விளையும் வெளிர்பழுப்புத் தோல் காய்; வாசல் பூசணிக்குச் சொந்தமில்லை, நம் பரங்கியின் இனம்.

வாசகி, அட்லாண்டா: தோட்டத்தில் தானாக முளைத்த கொடியில் அழகான காய் காய்த்தது. ரோஸ்ட் செய்து வாயில் வைத்தால் கசக்கிறது. வெல்லம் போட்டால் சரியாகுமா?

அம்மா, துப்பிவிடுங்கள். முழுவதையும் குப்பையில் கொட்டுங்கள். இதில் விளையாட்டே கூடாது.

கசப்புக்குக் காரணம் குகர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள். வேகவைத்தாலும் சுட்டாலும் போகாது, வெல்லம் அதை மறைக்கும், அவ்வளவுதான். வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்குவரை கொண்டுபோய் விடும். 2010-இல் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த விஞ்ஞானி ஒருவர் இறந்துபோனார். அதிலும் இதே வகை நச்சுதான். தானாக முளைத்த கொடியும், அலங்காரச் சுரைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த காயிலிருந்து எடுத்த விதையும் மகரந்தம் கலந்து இப்படிக் காய்ப்பதுண்டு. வீட்டுத் தோட்டத்துக் காய் எதுவானாலும் வெட்டியவுடன் பச்சையாக ஒரு துணுக்கை நாக்கில் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கொஞ்சம் விழுங்கி, வயிறு ஏதாவது சொன்னால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வாசகர், சியாட்டில்: அலுவலகத்தில் தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். ரோஸ்ட் செய்த பட்டர்நட் கொண்டுபோகலாமா? சூடு ஆறிவிடுமே? சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டும் என்கிறார்களே?

கொண்டுபோங்கள். ஆறினாலும் சாப்பிடக்கூடிய பதார்த்தம் இது. அந்த மேசையில் பாதிப் பண்டங்களுக்கு அந்தக் குணம் கிடையாது. முந்தைய இரவே சுட்டு, முழுவதும் ஆறிய பிறகு டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சுடச்சுட மூடினால் ஆவி இறங்கி மறுபடியும் குழையும். காலையில் 425 டிகிரியில் 8, 10 நிமிடம் காட்டினால் விளிம்பு மீண்டு வரும். மைக்ரோவேவில் காட்டினால் மீளாது. தாளிப்பைத் தனியாகச் சின்ன டப்பாவில் கொண்டுபோய், பரிமாறும்போது கொட்டுங்கள்.

ஏகார்னைப் பாதியாகப் பிளந்து, குழியில் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் மேப்பிள் பாகும் நிரப்பிச் சுடுவது இந்த நாட்டுப் பழக்கம். குறை சொல்லவில்லை, அவர்களுடைய பண்டிகை. ஆனால் அது தொட்டுக்கொள்ள இல்லை, இனிப்பு வகை. நீங்கள் மேப்பிள் பாகு சேர்க்க ஆசைப்பட்டால் கடைசி 8 நிமிடத்தில் ஒரு மேசைக்கரண்டி மட்டும் ஊற்றிப் பிரட்டுங்கள். முதலிலேயே ஊற்றினால் டிரேயோடு கருகி ஒட்டி, அதைச் சுரண்டவே ஒரு வார இறுதி போய்விடும்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அதே மேசையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் வெள்ளையாக உருகி நிற்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

வாசகி, ரிச்மண்ட், வர்ஜீனியா: ஸ்பகெட்டி ஸ்குவாஷில் இடியாப்பம் மாதிரி இழை வரும் என்று கணவர் ஆசையாக வாங்கி வந்தார். துண்டு துண்டாக உதிர்கிறது.

நீளவாக்கில் பிளந்திருப்பீர்கள். உள்ளே இழைகள் காயின் குறுக்காகச் சுற்றி ஓடுகின்றன. குறுக்கே ஒன்றரை அங்குல வளையங்களாக வெட்டி, விதை நீக்கி, 400 டிகிரியில் 30, 35 நிமிடம் சுட்டு, முள்கரண்டியால் வளையத்தைச் சுற்றியபடி பிரியுங்கள். நீள இழை வரும். இடியாப்பம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், காய் காய்தான். தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடப் போவதாகக் கணவர் சொன்னால் தடுத்துவிடுங்கள். கடுகு, பச்சைமிளகாய், தேங்காய்த்துருவல் போட்டுப் பொரியலாகப் பிரட்டினால் நன்றாக இருக்கும்.

வாசகி, பியோரியா: விதைகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

எறியாதீர்கள். நாரிலிருந்து பிரித்து அலசி, துணியில் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். கொஞ்சம் எண்ணெய், உப்பு, 300 டிகிரியில் 20, 25 நிமிடம். காயோடு ஒரே டிரேயில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கருகிவிடும்.

வாசகர், ஹார்ட்ஃபோர்டு, கனெக்டிகட்: பண்ணைக்குப் போன இடத்தில் மலிவு என்று மூட்டையாக வாங்கிவிட்டோம். ஏகார்ன், பட்டர்நட், கபோச்சா எல்லாம் கலந்து இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை.

பெட்டியில் இடம் இருந்தாலும் வைக்கக் கூடாது. முழுக் காய்க்கு 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் தோது. அதற்குக் கீழே நாள்பட இருந்தால் தோலில் பள்ளம் விழுந்து அழுகும். அடித்தளத்தில் உலர்ந்த மூலையிலோ, உறையாத கராஜிலோ, அட்டையின் மேல் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். காம்பு உடைந்ததையும் தோலில் காயம் பட்டதையும் தனியே எடுத்து இந்த வாரமே சமையுங்கள், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். அதே பண்ணையில் ஆப்பிளும் வாங்கியிருப்பீர்கள், அதைப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு ஏகார்னின் பச்சைத் தோலை மஞ்சளாக்கி, ஆயுளையும் குறைக்கும்.

சாப்பிடும் வரிசையும் உண்டு. ஏகார்ன் முதலில், ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், வைத்திருப்பதால் அதற்குச் சுவை கூடாது. கபோச்சாவுக்கு அவசரமில்லை. பறித்த புதிதில் மாவாகத்தான் இருக்கும், சில வாரம் இருந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிக்கும். பட்டர்நட் இரண்டு மூன்று மாதம் தாங்கும். வெட்டியதை மட்டும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மூட்டையில் ஏகார்ன்தான் அதிகம் என்றால், அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு இப்போதே கொடுத்துவிடுவது நல்லது.